நியூ ஜெர்சி ரிட்டர்னில் மருத்துவச் செலவு: ஃபெடரலில் செல்லாதது ஸ்டேட்டில் செல்லுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எடிசனில் வாடகை வீட்டில் இருக்கும் குடும்பம். கணவன், மனைவி இருவருக்கும் வேலை, இரண்டு பிள்ளைகள். பெரிய பெண்ணுக்குப் பல்லில் கம்பி கட்டியதில் கணிசமாகச் செலவாகியிருக்கிறது. ஃபெடரல் ரிட்டர்னில் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்தான் (ரசீது காட்டாமலே கழித்துக்கொள்ளும் நிலையான தொகை) எடுக்கிறார்கள். அதனால் மருத்துவ ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஸ்டேட் ரிட்டர்னுக்கும் அதுதான் விதியா, சம்பளத்தில் பிடிக்கிற இன்ஷூரன்ஸ் பணத்தைக் காட்டலாமா, ஊரிலிருந்து வந்து போகும் அப்பா அம்மாவுக்குச் செய்த செலவைச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் இரண்டுக்கும் பதில் உங்களுக்குச் சாதகமானது. ஸ்டேட்டில் காட்டலாம், பிரீமியத்தையும் பெரும்பாலும் சேர்க்கலாம். மூன்றாவது அநேகமாக முடியாது. காரணங்களைச் சொல்கிறேன். இதில் காரணம் புரிந்தால்தான் எந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது என்று தெரியும்.

அமெரிக்காவில் பல மாநிலங்கள் ஃபெடரல் ரிட்டர்னில் வந்த வருமானத் தொகையை அப்படியே வாங்கி, அதில் கொஞ்சம் கூட்டிக் கழித்துத் தங்கள் வரியைப் போடுகின்றன. நியூ ஜெர்சி அப்படிச் செய்வதில்லை. 1976-இல் இங்கே வருமான வரி கொண்டுவந்தபோதே எது வருமானம், எதைக் கழிக்கலாம் என்பதற்குத் தனிச் சட்டம் எழுதிக்கொண்டார்கள். அந்தச் சட்டத்தில் ஸ்டாண்டர்ட் டிடக்ஷனும் கிடையாது, ஐட்டமைஸ் செய்வதும் (செலவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக் கழிப்பது) கிடையாது. ஆளுக்கு 1,000 டாலர், பிள்ளைகளுக்கு 1,500 டாலர் என்ற விலக்கு, வீட்டு வரிக் கழிவு, இன்னும் சில குறிப்பிட்ட கழிவுகள், அவ்வளவுதான். அந்தக் குறிப்பிட்ட கழிவுகளில் ஒன்று மருத்துவச் செலவு. ஆகவே ஃபெடரலில் நீங்கள் எந்தக் கதவு வழியாகப் போனீர்கள் என்று நியூ ஜெர்சி கேட்பதே இல்லை. நியூ ஜெர்சியின் என்.ஜே.-1040 படிவத்தில் 31-ஆம் வரி (லைன் 31) இதற்கென்றே இருக்கிறது. வொர்க்‌ஷீட் எஃப் என்று ஒரு சின்னக் கணக்குத்தாளைப் போட்டு, வரும் தொகையை அந்த வரியில் எழுத வேண்டியதுதான்.

அந்தத் தாளில் ஒரே ஒரு வாசல்படி உண்டு. படிவத்தின் 29-ஆம் வரியில் இருக்கும் நியூ ஜெர்சி மொத்த வருமானத்தில் 2 சதவீதத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எவ்வளவு செலவு செய்தீர்களோ அது முழுவதும் கழிவு. ஃபெடரலில் இதே படி 7.5 சதவீதம். அதைத் தாண்டினாலும் வட்டி, தானம், ஸ்டேட் வரி எல்லாவற்றையும் சேர்த்த மொத்தம் ஸ்டாண்டர்ட் டிடக்ஷனை மிஞ்சினால்தான் பயன். 2025 வருமானத்துக்கு, சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு அந்த ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 31,500 டாலர். ஆரோக்கியமான, வாடகை வீட்டில் இருக்கும் குடும்பம் அதைத் தாண்டுவது அபூர்வம். உங்கள் நண்பர் ஃபெடரலை வைத்துச் சொன்னது சரிதான். அதை ஸ்டேட்டுக்கும் நீட்டியதுதான் தவறு.

இனி பிரீமியம். நான் பார்க்கிற ரிட்டர்ன்களில் அதிகமாக விட்டுப்போவது இதுதான்.

கம்பெனி வருடாவருடம் தரும் சம்பளச் சான்றான டபிள்யூ-2-வை எடுத்துப் பாக்ஸ் 1-ஐயும் (ஃபெடரல் கணக்கில் சம்பளம்) பாக்ஸ் 16-ஐயும் (ஸ்டேட் கணக்கில் சம்பளம்) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நியூ ஜெர்சியில் வேலை பார்ப்பவருக்கு 16-இல் இருக்கும் தொகை பெரும்பாலும் 1-இல் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். கம்பெனி ஏதோ தப்பாக அடித்துவிட்டது என்று சிலர் ஹெச்.ஆருக்கு மெயில் போடுவதும் உண்டு. தப்பில்லை. மருத்துவம், பல், கண் இன்ஷூரன்ஸுக்காக உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் பணத்துக்கு ஃபெடரல் வரி கிடையாது. செக்‌ஷன் 125 என்ற ஏற்பாட்டில் அது வரிக்கு முன்பே கழிந்துவிடுகிறது. நியூ ஜெர்சி அந்த ஏற்பாட்டை ஏற்பதில்லை. நீங்கள் பிரீமியமாகக் கட்டிய பணத்தையும் சம்பளம் என்றே கணக்கில் எடுத்து அதற்கும் வரி போடுகிறது. 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்பில் போடும் பணத்தை மட்டும் விட்டுக்கொடுக்கிறது. அதனால்தான் 16 பெரிதாகத் தெரிகிறது.

வரி கட்டிய பணத்தில் மருத்துவ இன்ஷூரன்ஸ் வாங்கியிருக்கிறீர்கள் என்றால் அது மருத்துவச் செலவுதானே? ஆமாம். நியூ ஜெர்சி சட்டமே இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை மருத்துவச் செலவில் சேர்த்துத்தான் வரையறுக்கிறது. ஆகவே ஃபெடரலில் ‘ஏற்கெனவே கழித்தாயிற்று’ என்பதால் காட்ட முடியாத அதே பிரீமியம், ஸ்டேட்டில் முழுத் தொகையாக 31-ஆம் வரிக்குப் போகிறது. பல குடும்பங்களில் ஒரு டாக்டர் பில்கூட இல்லாமல், பிரீமியம் ஒன்றே அந்த 2 சதவீதப் படியைத் தாண்டிவிடும்.

அந்தத் தொகை எங்கே கிடைக்கும்? டிசம்பர் மாதக் கடைசி பே ஸ்டப்பில் (சம்பளச் சீட்டு), வருடம் முழுவதற்குமான கூட்டுத்தொகை இருக்கும் பத்தியில். சில கம்பெனிகள் டபிள்யூ-2-வின் பாக்ஸ் 14-இலும் போட்டுத் தருவார்கள். பாக்ஸ் 12-இல் ‘டிடி’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தொகை கண்ணைக் கவரும். அதை எடுத்துவிடாதீர்கள். அது கம்பெனி கட்டியதும் நீங்கள் கட்டியதும் சேர்ந்த மொத்த விலை. கம்பெனியின் பங்கு உங்கள் செலவு அல்ல. அதைப் போல பாக்ஸ் 6-இல் இருக்கும் மெடிகேர் டாக்ஸ், 14-இல் இருக்கும் எஸ்.டி.ஐ. (மாநில ஊனக் காப்பீடு), எஃப்.எல்.ஐ. (குடும்ப விடுப்புக் காப்பீடு) பிடித்தம், ஆயுள் காப்பீடு, ஊனக் காப்பீடு இவையெல்லாம் பார்க்க மருத்துவ வாசனை அடித்தாலும் மருத்துவச் செலவு ஆகாது.

இன்னொரு சோதனை கட்டாயம். பிரீமியத்தைக் காட்டும் உரிமை, அந்தப் பணத்துக்கு நியூ ஜெர்சி வரி போட்டிருந்தால்தான். பாக்ஸ் 16-இல் அது உண்மையிலேயே சேர்ந்திருக்கிறதா என்று பே ஸ்டப்பை வைத்து ஒருமுறை கூட்டிப் பாருங்கள். வேறு மாநிலத்து அலுவலகத்தில் சம்பளம் வாங்குபவர்களுக்கு இது முக்கியம். நியூயார்க் கம்பெனியின் டபிள்யூ-2-வில் 16-ஆம் பெட்டியில் நியூயார்க் விதிப்படியான சம்பளம்தான் பல நேரம் இருக்கும், அதில் பிரீமியம் கழிந்திருக்கும். அதை அப்படியே நியூ ஜெர்சிக்கு எழுதிவிட்டு, பிரீமியத்தையும் கழித்தால் ஒரே பணத்தை இரண்டு முறை கழித்தது போலாகும். முதலில் சம்பளத்தை நியூ ஜெர்சி விதிப்படி ஏற்றிக் காட்ட வேண்டும், பிறகுதான் கழிக்க வேண்டும்.

உங்கள் நிலைமைக்கு ஏறக்குறைய பொருந்தும்படி ஒரு கணக்குப் போடுகிறேன். இருவருக்கும் சேர்த்துப் பாக்ஸ் 16-இல் 1,60,000 டாலர். சம்பளத்தில் பிடித்த மருத்துவ, பல் பிரீமியம் 7,200. பல் கம்பிக்கு அந்த வருடம் கட்டியது 3,000. கோபே, டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் இருந்தும் நம் கையிலிருந்து கட்டும் பங்கு), கண்ணாடி, மருந்துச் சீட்டு மருந்துகள் எல்லாம் சேர்த்து 2,400. மொத்தம் 12,600. வருமானத்தில் 2 சதவீதம் 3,200. மீதி 9,400 டாலர் கழிவு. நான்கு பேருக்கான விலக்கு 5,000, வாடகையில் 18 சதவீதத்தை வீட்டு வரியாகக் கருதும் கழிவு இவையெல்லாம் போன பிறகு, தம்பதிக்கான அட்டவணையில் 80,000 முதல் 1,50,000 வரைக்கும் உள்ள 5.525 சதவீத அடுக்கில் நிற்பீர்கள். 9,400-க்கு அது சுமார் 519 டாலர். அதே குடும்பத்துக்கு ஃபெடரலில் பாக்ஸ் 1 1,52,800 டாலர் என்று வைத்தால், 7.5 சதவீதப் படி 11,460. பிரீமியத்தைச் சேர்க்க முடியாததால் கையில் இருப்பது 5,400 மட்டும். படியின் பாதியைக்கூட எட்டவில்லை.

519 டாலர் பெரிய தொகையா என்று கேட்டால் அவரவர் மனசு. ஆனால் ரசீது தேட ஒரு சாயங்காலம் போதும் என்கிறபோது விடுவதற்கு நியாயமில்லை. வருமானம் குறைவாக இருப்பவர்களுக்குப் பலன் சுருங்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1.75 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு ஆயிரம் டாலர் கழிவு பதினேழரை டாலரைத்தான் மிச்சப்படுத்தும். மறுபக்கம், வருமானம் நான்கு லட்சம் என்றால் படியே 8,000 டாலர் உயரம். பிரசவம், அறுவை சிகிச்சை, ஐ.வி.எஃப். என்று ஏதாவது நடந்த வருடத்தில்தான் அவர்களுக்குக் கணக்கு சூடு பிடிக்கும்.

ஹெச்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) வைத்திருப்பவர்கள் இங்கே நிமிர்ந்து உட்காரலாம். கலிஃபோர்னியாவைப் போல நியூ ஜெர்சியும் ஹெச்.எஸ்.ஏ.-வுக்கு எந்தச் சலுகையும் தருவதில்லை. நீங்கள் போடும் பணத்துக்கு வரி, அந்தக் கணக்கில் வரும் வட்டிக்கும் வரி. வட்டியைக் காட்டாமல் விடுபவர்கள் நிறைய. ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. வரி கட்டிய பணம் என்பதால், அந்தக் கார்டைத் தேய்த்து டாக்டருக்குக் கட்டியதை ஸ்டேட்டில் உங்கள் சொந்தச் செலவாகவே எண்ணலாம். ஃபெடரலில் இது முடியாது. சம்பளத்திலிருந்து மருத்துவச் செலவுக்கென்று ஒதுக்கும் எஃப்.எஸ்.ஏ. கணக்குக்கும் தர்க்கம் இதேதான். அதில் போட்ட பணமும் பாக்ஸ் 16-இல் ஏறியிருக்கிறது. செலவைக் காட்டுங்கள், ஆனால் கணக்கில் போட்ட தொகையையும் அதிலிருந்து செய்த செலவையும் இரண்டையும் சேர்த்துக் காட்டாதீர்கள். டாக்டருக்குப் போனது எதுவோ அதுதான் செலவு. பிள்ளைகளை டே-கேரில் விடுவதற்கான எஃப்.எஸ்.ஏ. இதில் சேராது.

எது மருத்துவச் செலவு என்பதில் நியூ ஜெர்சி பெரும்பாலும் ஃபெடரல் வழியிலேயே போகிறது. ஃபெடரல் வரித் துறையான ஐ.ஆர்.எஸ். வெளியிடும் பப்ளிகேஷன் 502-ஐ ஒருமுறை புரட்டிவிடுவது நல்லது, அகர வரிசையில் எல்லாம் இருக்கிறது. டாக்டர், மருத்துவமனை, எக்ஸ்ரே, லேப், பல், கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ், லேசிக், காது கேட்கும் கருவி, மனநல ஆலோசனை, அக்குபஞ்சர், பாலெடுக்கும் பம்ப் எல்லாம் செல்லும். டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும் டைலனால், வைட்டமின் மாத்திரை, ஜிம் கட்டணம், அழகுக்காகச் செய்யும் சிகிச்சை செல்லாது. இன்சுலினுக்கு மட்டும் சீட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சொந்தக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் 2025-க்கு மைலுக்கு 21 சென்ட், அதற்கு மேல் பார்க்கிங், டோல். வாராவாரம் தெரபிக்கு ஓடுகிற வீட்டில் இது ஒரு தொகையாகவே சேரும். வருடத்துக்கு இரண்டு முறை செக்-அப் போகிறவர்கள் மைல் எண்ணி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பல் கம்பியைப் பற்றித் தனியாக ஒன்று. ஆர்த்தோடான்டிஸ்டிடம் பெரும்பாலும் இரண்டு வருடத் தவணைத் திட்டம்தான் போடுவீர்கள். மொத்த ஒப்பந்தத் தொகையை முதல் வருடத்திலேயே காட்டக் கூடாது. அந்தந்த வருடம் உங்கள் கையிலிருந்து போனது மட்டும். ஆனால் கிரெடிட் கார்டில் கட்டினால் கார்டைத் தேய்த்த நாள்தான் கணக்கு, கார்டு பில்லை எப்போது அடைத்தீர்கள் என்பது அல்ல. எப்படியும் கட்ட வேண்டிய பணத்தை ஒரே வருடத்தில் குவித்தால் 2 சதவீதப் படியை ஒரே முறை ஏறினால் போதும். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி தரும் டாக்டர்களும் இருக்கிறார்கள். டிசம்பரில் இதை யோசிப்பது புத்திசாலித்தனம்.

நம்மவர்கள் ஊருக்குப் போகும்போது பல் வேலையை அங்கேயே முடித்துக்கொண்டு வருவது சகஜம். சென்னையில் செய்த ரூட் கெனாலுக்கும் கேப்புக்கும் கொடுத்த பணம் செல்லுமா என்றால், செல்லும். டாக்டரும் ஆஸ்பத்திரியும் அமெரிக்காவில்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பெயரும் தேதியும் போட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், கட்டிய நாளின் மாற்று விகிதத்தில் டாலராக்கிக் குறித்து வையுங்கள். ஆனால் விமான டிக்கெட்டைச் சேர்க்க ஆசைப்பட வேண்டாம். பயணத்தின் முதல் காரணமே சிகிச்சையாக இருந்தால்தான் பயணச் செலவு செல்லும். மூன்று கல்யாணம், ஒரு கிருகப்பிரவேசம், இடையில் ஒரு ரூட் கெனால் என்ற பயணத்துக்கு அது பொருந்தாது. ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் மாத்திரைகளும் செல்லாது. வேறு நாட்டில் டாக்டர் சீட்டோடு வாங்கி, அங்கேயே உட்கொண்ட மருந்து, இரண்டு நாட்டிலும் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதாக இருந்தால் மட்டும் எண்ணலாம்.

அப்பா அம்மா விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவச் செலவு என்பது உங்களுக்கு, துணைவருக்கு, உங்களைச் சார்ந்தவர்களுக்கு நீங்கள் கட்டியது. இதில் ‘சார்ந்தவர்’ என்பது வீட்டில் நாம் சொல்கிற பொருளில் அல்ல, வரிச் சட்டத்தின் பொருளில். அந்தப் பொருளில் சார்ந்தவர் அமெரிக்கக் குடிமகனாகவோ, வரி நோக்கில் அமெரிக்கவாசியாகவோ, கனடா அல்லது மெக்சிகோ வாசியாகவோ இருக்க வேண்டும். விசிட்டர் விசாவில் ஐந்து மாதம் வந்து பேரப்பிள்ளைகளோடு இருந்துவிட்டுப் போகும் அப்பா அம்மா பொதுவாக இதில் அடங்கமாட்டார்கள். ஆகவே அவர்களுக்கு எடுத்த விசிட்டர் இன்ஷூரன்ஸும், இங்கே அர்ஜென்ட் கேருக்குக் கொண்டுபோன பில்லும் உங்கள் கழிவாகாது. திருச்சியில் இருக்கும் அப்பாவின் பைபாஸ் அறுவைக்கு நீங்களே முழுப் பணமும் அனுப்பியிருந்தாலும் இதே பதில்தான். மனசுக்கு ஒப்பாத பதில், ஆனால் சட்டம் இப்படித்தான் இருக்கிறது. பிரசவத்துக்குத் துணையாக மாமியாரை வரவழைத்த டிக்கெட்டையும் சிலர் கேட்பார்கள். அது பாசச் செலவு.

கிரீன் கார்டு வாங்கி உங்களோடு நிரந்தரமாக இருக்கும் பெற்றோர் என்றால் கதை வேறு. அவர்களுடைய செலவில் பாதிக்கு மேல் நீங்கள் பார்த்துக்கொண்டு, அவர்கள் வருமானம் வரம்புக்குள் இருந்தால் (2025-க்கு ஒருவருக்கு 5,200 டாலருக்குக் கீழ்) உங்கள் ஃபெடரல் ரிட்டர்னில் சார்ந்தவராக வரலாம். ஊரில் அவர்களுக்கு வரும் வட்டியும் வாடகையும் இந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சார்ந்தவர் ஆகிவிட்டால் அவர்களுக்காக நீங்கள் கட்டும் பிரீமியமும் பில்லும் உங்கள் 31-ஆம் வரிக்கு வரும். 65 வயதைத் தாண்டி, கிரீன் கார்டோடு ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே இருந்தவர்கள் மெடிகேர் என்ற அரசு மருத்துவ இன்ஷூரன்ஸைப் பணம் கட்டி வாங்கலாம். 2025-இல் அதன் பார்ட் பி என்ற பகுதிக்கு மட்டும் மாதம் 185 டாலர், அதாவது ஒருவருக்கு வருடம் 2,220. இருவருக்கு அதன் இரட்டிப்பு. அந்த ஒன்றே படியைத் தாண்டவைத்துவிடும். மெடிகேர் பார்ட் பி பிரீமியத்தை நியூ ஜெர்சி சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

இங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் பெரியவர்களுக்கு இந்தக் கழிவு இன்னும் கனிவானது. சோஷியல் செக்யூரிட்டிக்கு நியூ ஜெர்சி வரி போடுவதில்லை, 29-ஆம் வரியிலும் அது ஏறாது. பென்ஷன் விலக்கு கிடைப்பவர்களுக்கு அதுவும் போன பிறகு வரும் தொகைதான் 29. அந்தச் சின்ன எண்ணில் 2 சதவீதம் என்றால் படி தரையோடு தரையாக இருக்கும். சோஷியல் செக்யூரிட்டியிலிருந்தே பிடித்துக்கொள்ளும் மெடிகேர் பிரீமியம் எவ்வளவு என்று ஜனவரியில் வரும் எஸ்.எஸ்.ஏ.-1099 தாளில் அச்சிட்டிருக்கும்.

சொந்தத் தொழில் செய்பவர்கள் தங்களுக்காகக் கட்டும் மருத்துவ இன்ஷூரன்ஸை அந்த வொர்க்‌ஷீட்டிலேயே வேறொரு வரியில் எழுத வேண்டும். அதற்கு 2 சதவீதப் படி கிடையாது. அரசின் இன்ஷூரன்ஸ் சந்தையான மார்க்கெட்பிளேஸில் வாங்கியவர்கள், மானியம் போகத் தாங்கள் உண்மையில் கட்டியதை மட்டும் எழுத வேண்டும். இன்ஷூரன்ஸ் இல்லாததற்காக நியூ ஜெர்சி விதிக்கும் அபராதம் மருத்துவச் செலவல்ல.

ஜெர்சி சிட்டியிலிருந்து பாத் ரயில் ஏறி மன்ஹாட்டனுக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மேலே சொன்ன எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் ரீஃபண்ட் ஒரு டாலர்கூட அசையவில்லையே என்று குழம்புவார்கள். நியூயார்க்கில் சம்பாதித்ததற்கு முதலில் நியூயார்க்குக்கு வரி கட்டுகிறீர்கள். அந்த வரிக்கு ஈடாக நியூ ஜெர்சி ஒரு கிரெடிட் (வரியிலிருந்தே நேரடியாகக் குறையும் தொகை) தருகிறது. நியூயார்க் வரி பொதுவாக நியூ ஜெர்சி வரியைவிட அதிகம் என்பதால், வீட்டின் மொத்த வருமானமும் நியூயார்க்கிலிருந்து வந்தால் நியூ ஜெர்சி வரி முழுவதும் அந்தக் கிரெடிட்டிலேயே கரைந்துவிடும். ஏற்கெனவே பூஜ்யமான வரியை மருத்துவச் செலவு மேற்கொண்டு என்ன குறைக்கும்? ஒருவர் நியூயார்க்கிலும் மற்றவர் நியூ ஜெர்சியிலும் வேலை பார்த்தால், கிரெடிட் நியூயார்க் வருமானத்தின் விகிதத்துக்கு மேல் போகாது. மிச்சமிருக்கும் நியூ ஜெர்சிப் பங்கில் கழிவின் பலன் ஓரளவு கிடைக்கும். பென்சில்வேனியாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு மாநில வரியில் இந்தச் சிக்கல் இல்லை. இரு மாநிலங்களுக்கும் இடையே ஒப்பந்தம் இருப்பதால் சம்பளத்துக்கு மாநில வரி நியூ ஜெர்சிக்கு மட்டும். ஆனால் ஃபிலடெல்ஃபியா நகரம் தனியாகப் பிடிக்கும் சம்பள வரிக்கும் நியூ ஜெர்சி கிரெடிட் தருவதால், அந்த நகரத்தில் வேலை பார்ப்பவர்களுக்குக் கழிவின் பலன் குறையலாம். ஆற்றைத் தாண்டி பென்சில்வேனியாவிலேயே குடியிருந்தால் அங்கே 3.07 சதவீத ஒரே விகிதம், மருத்துவச் செலவுக் கழிவு என்ற பேச்சே இல்லை.

மற்ற மாநிலங்களில் இருக்கிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கலிஃபோர்னியாவில் படி 7.5 சதவீதமேதான். ஆனால் ஃபெடரலில் ஸ்டாண்டர்ட் எடுத்தவர்களும் அங்கே ஸ்டேட்டில் ஐட்டமைஸ் செய்யலாம், ஸ்டேட்டின் ஸ்டாண்டர்ட் டிடக்ஷனும் மிகச் சிறியது. டெக்சஸ், ஃப்ளோரிடாவில் வருமான வரியே இல்லாததால் கேள்வியே எழாது.

இப்போது மென்பொருள். கழிவு விட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். டாக்ஸ் மென்பொருள்கள் முதலில் ஃபெடரலை முடித்துவிட்டுத்தான் ஸ்டேட்டுக்குப் போகும். ஃபெடரல் பகுதியில் ‘மருத்துவச் செலவு உண்டா?’ என்று கேட்கும்போது, எப்படியும் பிரயோஜனமில்லை என்று தாண்டிவிட்டால், ஸ்டேட் பகுதிக்கு எடுத்துப்போக எதுவும் இருக்காது, 31-ஆம் வரி காலியாகவே நிற்கும். அதனால் ஃபெடரலுக்கு உதவாது என்று தெரிந்தாலும் கோபே, பல் கம்பி, மருந்து எல்லாவற்றையும் அங்கேயே எழுதுங்கள். சம்பளத்தில் பிடித்த பிரீமியத்தை மட்டும் ஃபெடரல் பகுதியில் எழுதக் கூடாது. நியூ ஜெர்சிப் பகுதியில் கூடுதல் மருத்துவச் செலவு கேட்கும் இடத்தில் போட வேண்டும். முடித்த பிறகு பி.டி.எஃப்.-ஐத் திறந்து 31-ஆம் வரியில் நீங்கள் எதிர்பார்த்த எண் வந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். சி.பி.ஏ. என்ற கணக்காளரிடம் கொடுப்பவர்கள் டபிள்யூ-2-வோடு டிசம்பர் பே ஸ்டப்பையும் மருத்துவச் செலவுப் பட்டியலையும் சேர்த்தே கொடுங்கள். கொடுக்காத தாளிலிருந்து அவர் பிரீமியத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

ரசீதுகளை ரிட்டர்னோடு அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் மாநில வரித் துறை கடிதம் போட்டுக் கேட்கலாம். பே ஸ்டப், கார்டு ஸ்டேட்மென்ட், இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் விவரத்தாள் மூன்றையும் வருட வாரியாக ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தால் போதும். பல மருந்துக் கடைகள் வருடம் முழுக்க வாங்கிய மருந்துப் பட்டியலை ஒரே தாளாகத் தரும். இன்ஷூரன்ஸ் திருப்பிக் கொடுத்த தொகையைக் கழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இதுவரை எந்த வருடமும் காட்டியதில்லை என்றால் பழைய ரிட்டர்ன்களையும் எடுங்கள். என்.ஜே.-1040எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டு ரீஃபண்ட் கேட்க, தாக்கல் செய்ததிலிருந்து மூன்று வருட அவகாசம் உண்டு. அவகாசம் முதலில் தீரப்போகிற வருடத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஃபெடரல் ரிட்டர்னைத் தொட வேண்டியதில்லை, ஸ்டேட் மட்டும் போதும். ஃபெடரலில் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் எடுத்த வருடத்துக்கு வரும் ஸ்டேட் ரீஃபண்டுக்கு மறுபடி ஃபெடரல் வரியும் கிடையாது.